கடுமையான நுரையீரல் நோயுடன் பல் இம்பிளாண்ட் பொருத்திக்கொள்ள ஒரு வழிகாட்டி

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கட்டுக்குள் வராத ஆஸ்துமா, நுரையீரல் தழும்பு நோய், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் நாளங்களில் உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்றோடு வாழ்ந்துவருபவர், பற்களை இழந்த பிறகு இம்பிளாண்ட் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது, "என் மூச்சு இதைத் தாங்குமா?" என்ற அச்சம்தான் முதலில் எழும். முறையாகத் திட்டமிட்டால் பெரும்பாலோருக்குத் தாங்கும். நுரையீரல் நோய் என்ற ஒரே காரணத்துக்காக இம்பிளாண்ட்டை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இம்பிளாண்ட் ஒருபோதும் அவசரச் சிகிச்சை அன்று என்பதால், அதை எந்த நாளில் செய்வது, எவ்வளவு செய்வது, எந்த இடத்தில் வைத்துச் செய்வது ஆகிய மூன்றையும் நுரையீரலின் நிலையே தீர்மானிக்க வேண்டும். பல் மருத்துவமனையின் நாட்குறிப்பில் எந்த நாள் காலியாக இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி.

இம்பிளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் வைக்கப்படும் டைட்டானியத் திருகு. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களின் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதற்காகப் பொருத்திய டைட்டானியக் கருவியை எலும்பு இறுகப் பற்றிக்கொண்டதைக் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பற்களைத் தாங்கும் இம்பிளாண்ட்டுகளைப் பொருத்தினார். இன்றும் அடிப்படை அதுதான். திருகை வைத்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்வதற்காகக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ 3 மாதமும் மேல்தாடையில் 4 முதல் 6 மாதமும் காத்திருந்து, அதன் பிறகு மேலே பல்லைப் பொருத்துவார்கள். நுரையீரல் நோயாளிக்கு இந்த நீண்ட கால அட்டவணை ஒரு வகையில் நல்லது: இடையில் நோய் முற்றினால் அடுத்த கட்டத்தைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது.

நோயோடு போராடுபவருக்குப் பல் எதற்கு என்று குடும்பத்தினர் சில நேரம் கேட்பதுண்டு. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு சிறிது நிற்பதால், மூச்சு வாங்கும் ஒருவருக்குச் சாப்பாடே ஓர் உழைப்பாகிவிடுகிறது; சரியாகக் கடிக்காத பல்செட்டுடன் அந்த உழைப்பு இன்னும் நீள்கிறது. அதனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறவர்கள் பலர். முற்றிய சி.ஓ.பி.டி.யில் எடை குறைவது நோயின் போக்கையே மோசமாக்கும் என்பதால், நன்றாக மெல்ல முடிவது சிறிய விஷயம் அன்று. வாயின் தூய்மையும் நுரையீரலோடு நேரடியாகத் தொடர்புடையது. பல்லிலும் பல்செட்டிலும் படியும் கிருமிகள் தூக்கத்தில் உமிழ்நீரோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவைத் தூண்டக்கூடும். ஜப்பானில் 85 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இரவிலும் பல்செட்டைக் கழற்றாமல் தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

முதற்படி: இப்போது செய்யலாமா, தள்ளிப்போட வேண்டுமா

உங்கள் நிலையை நீங்களே ஓரளவு கணிக்கலாம். மூச்சுத்திணறலை அளக்க மருத்துவர்கள் 0 முதல் 4 வரையிலான ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கடும் உடற்பயிற்சியில் மட்டும் மூச்சு வாங்குவது 0. சமதரையில் உங்கள் வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குவது 2. ஏறத்தாழ 100 மீட்டர் நடந்ததும் நின்று மூச்சுவிட வேண்டியிருப்பது 3. உடை மாற்றும்போதே மூச்சு வாங்குவது 4. 0 முதல் 2 வரையிலான நிலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வழக்கமான பல் மருத்துவமனையிலேயே சிகிச்சை பெறலாம். 3, 4 ஆகிய நிலைகளில் இருப்பவர்களும், வீட்டிலேயே ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவர்களும், நுரையீரல் நாளங்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மயக்கவியல் மருத்துவரும் அவசரச் சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையில் செய்துகொள்வதே சரி. அது வசதிக் குறைவாகத் தோன்றலாம். ஆயினும் இதில் சமரசம் வேண்டாம்.

சில நிலைகளில் திட்டத்தையே ஒத்திவைக்க வேண்டும். சளி நிறம் மாறி, இளைப்பு கூடி, ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டு மாத்திரையோ தேவைப்படும் அளவுக்கு நோய் அண்மையில் சீறியிருந்தால், பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் சில வாரங்கள் பொறுத்திருப்பது நல்லது. 6 வாரம் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், தொற்று பரவாத நிலை உறுதியாகும்வரை இம்பிளாண்ட் பேச்சே வேண்டாம். நுரையீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் சொத்தைப் பற்களையும் சீழ்க் கட்டிகளையும் இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்; இம்பிளாண்ட்டை மாற்று அறுவைக்குப் பிறகு, குறைந்தது 6 மாதம் கழித்து, அந்தக் குழுவின் ஒப்புதலோடு யோசிக்கலாம்.

நோய் வேகமாக முற்றிவரும் ஒருவருக்கு, ஓராண்டுக்கு மேல் நீளும் பெரிய சிகிச்சைத் திட்டம் உகந்ததுதானா என்ற கேள்வியும் உண்டு. அதை எழுப்பக் கூச்சப்படும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுப்பாவிட்டால், "என் நோயின் போக்கை வைத்துப் பார்த்தால் இந்தச் சிகிச்சையின் பலனை எத்தனை காலம் அனுபவிப்பேன்?" என்று நீங்களே நுரையீரல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு மருத்துவர்களுக்கும் இடையே ஒரு கடிதம்

"பல் சிகிச்சைக்குத் தடையில்லை" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் யாருக்கும் உதவாது. நுரையீரல் மருத்துவரின் கடிதத்தில் நோயின் பெயரும் தீவிரமும், ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் அண்மைய முடிவும், ஓய்வில் இருக்கும்போது வழக்கமான ஆக்சிஜன் அளவும், கடைசியாக நோய் சீறிய தேதியும், கரியமில வாயு உடலில் தேங்கும் தன்மை உண்டா என்பதும், சிகிச்சையின்போது ஆக்சிஜன் அளவு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் மிக முக்கியம். கரியமில வாயு தேங்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு 88 முதல் 92 சதவீதமே பொதுவான இலக்கு. இதை அறியாத ஒருவர், திரையில் 90 என்று கண்டதும் பதறி ஆக்சிஜனை அள்ளிக்கொடுத்தால், ரத்தத்தில் கரியமில வாயு மேலும் ஏறி, நோயாளி மயங்கும் நிலை வரலாம்.

சிகிச்சைக்கு முந்தைய வாரத்தில், ஓய்வாக அமர்ந்து, கைகள் சூடாக இருக்கும்போது, நகப்பூச்சு இல்லாத விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிக் காலையும் மாலையும் அளவைக் குறித்துவையுங்கள். மருத்துவமனையில் பார்க்கும் எண்ணை ஒப்பிட அந்தத் தாள் உதவும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, பெயர்களை நினைவிலிருந்து சொல்வதைவிட, இன்ஹேலர் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதே சிறந்தது. பல் மருத்துவர் முக்கியமாகக் கவனிப்பவற்றை நீங்களும் அறிந்துவைத்திருங்கள்.

நாள்தோறும் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை 4 வாரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு, உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கலாம். அறுவைச் சிகிச்சை நாளில் வழக்கமான மாத்திரையை விட்டுவிடக் கூடாது. கூடுதல் அளவு வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீண்ட கால ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்தி, ரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது என்பதால், எலும்பு பிடிக்கும் காலத்தையும் சற்றுக் கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கும்.

அப்படி மெலிந்த எலும்புக்காக அலென்ட்ரோனேட் மாத்திரையோ, சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய ஊசிகளில் ஒன்றோ எடுத்துக்கொண்டவர்கள் அதை மறைக்கவே கூடாது. "அது எலும்புக்குத்தானே, பல்லுக்கு என்ன?" என்று நினைத்துப் பலரும் சொல்லாமல் விடும் மருந்து இதுதான். இவை தாடை எலும்பில் ஆறாத புண்ணை ஏற்படுத்தும் வாய்ப்பு உண்டு; எலும்பு மெலிவுக்காக எடுப்பவர்களிடம் அந்த வாய்ப்பு குறைவு, புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி பெறுபவர்களிடம் மிக அதிகம். பின்னவர்களுக்கு இம்பிளாண்ட்டைத் தவிர்ப்பதே வழக்கம். அதே நேரத்தில், டெனோசுமாப் ஊசியைத் தாமாக நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு ஏற்படும் ஆபத்து இருப்பதால், அதை நிறுத்தும் முடிவையும் நோயாளியோ பல் மருத்துவரோ தனியாக எடுக்கக் கூடாது.

நுரையீரல் தழும்பு நோய்க்கான நின்டெடானிப் மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டவும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்பதால், அதைச் சில நாள் நிறுத்துவதா என்று மருந்தை எழுதித் தந்தவரிடமே கேட்க வேண்டும். நுரையீரல் நாளங்களின் உயர் ரத்த அழுத்தத்துக்காக எபோப்ரோஸ்டெனால் மருந்தைப் பம்பு வழியாக இடைவிடாமல் பெறுபவர்களுக்கு, அந்தப் பம்பு ஒரு சிகிச்சைக்காகவும் நிற்கக் கூடாது.

மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் ஆகாது. தியோஃபிலின் ரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு ஏறிவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலரால் வாயில் பூஞ்சை படிந்தவர்களுக்குத் தடவத் தரும் மைக்கோனசோல் ஜெல், வெறும் பூச்சு மருந்துபோலத் தோன்றினாலும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எடுப்பவரிடம் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் கடும் இளைப்பைத் தூண்டும். மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தேவையான அளவுக்குச் சிறிய திட்டம்

வாய் முழுவதும் ஒரே நாளில் நிலையான பற்கள் என்ற விளம்பரங்கள் ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பல மணி நேர அறுவை, ஆழ்ந்த மயக்கம், நிறைய ரத்தம் கலந்த நீர் ஆகியவை உங்களுக்கு உகந்தவை அல்ல. எந்த மிகச் சிறிய அறுவையில் எனக்கு வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைக்கும் என்று கேளுங்கள்.

கீழ்த்தாடையில் பற்களே இல்லாதவர்களுக்கு இதற்கு நல்ல பதில் உண்டு. முன்பகுதியில் 2 இம்பிளாண்ட் மட்டும் வைத்து, அவற்றின் மேல் பல்செட்டைச் சட்டைப் பொத்தானைப் போல அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள், இத்தகையோருக்கு வெறும் பல்செட்டைவிட இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த இடத்தில் எலும்பு பெரும்பாலும் உறுதியாக இருக்கும். சைனஸ் அறை அருகில் இல்லை. பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய வேலை. பல்செட்டை இரவில் கழற்றித் தனியே கழுவிவைக்கலாம் என்பதால் வாயின் தூய்மையும் எளிது. பின்னாளில் கைநடுக்கமோ படுக்கையோ வந்தாலும் வேறொருவர் கழற்றிச் சுத்தம் செய்துவிட முடியும். நிலையாகப் பொருத்திய பாலங்களில் அந்த வசதி இல்லை. என் கருத்தில், கடுமையான நுரையீரல் நோயாளிக்கு அழகைவிட இந்த வசதியே பெரிது.

மேல்தாடையின் கடைவாய்ப் பகுதி இதற்கு நேர்மாறு. அங்கே எலும்புக்கு மேல் சைனஸ் என்னும் காற்றறை இருப்பதால், எலும்பு போதாதபோது அந்த அறையின் தரையை உயர்த்தி எலும்புத் தூளை நிரப்புவார்கள். நாள்முழுதும் இருமுபவர்களும் முகக்கவசம் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியுடன் இரவில் தூங்குபவர்களும் இந்த அறுவையைச் செய்துகொண்டால், ஒவ்வொரு இருமலும் தும்மலும் ஆறாத இடத்தில் அழுத்தத்தை ஏற்றும். மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்களுக்குச் சைனஸிலும் பழைய அழற்சி இருப்பது சாதாரணம். ஆகவே 6 மில்லிமீட்டர் அளவிலான குட்டை இம்பிளாண்ட் போதுமா என்றும், கடைசிக் கடைவாய்ப் பற்களை விட்டுவிட்டு முன்கடைவாய்ப் பற்களோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்றும் முதலில் கேளுங்கள். இரண்டு தாடைகளிலுமாக 20 பற்கள் ஒழுங்காக ஒன்றையொன்று கடித்தால் பெரும்பாலோர் வசதியாகச் சாப்பிட முடியும்.

திட்டமிடுவதற்கான முப்பரிமாண ஸ்கேனை நின்றோ அமர்ந்தோ எடுக்கும் கருவிகளே பரவலாக உள்ளன, படுக்கத் தேவையில்லை. ஆனால் கருவி முகத்தைச் சுற்றிவரும் 10 முதல் 20 வினாடி வரை அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே அதற்குச் சற்று முன்பு சளியை வெளியேற்றிவிட்டு, இருமல் அடங்கிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள். அளவு எடுப்பதற்கு வாயில் பசையை நிரப்பும் முறையைவிட டிஜிட்டல் ஸ்கேனர் உங்களுக்கு ஏற்றது. மூச்சு முட்டினால் பாதியில் நிறுத்தி மறுபடி தொடரலாம்.

நான்காம் படி: நாள் குறிப்பதும் தயாராவதும்

புகைபிடிப்பவர்களிடம் இம்பிளாண்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்து, அதன் பின் 8 வாரம் வரை நிறுத்த வேண்டும் என்பது பழைய குறைந்தபட்ச விதி. அந்த 8 வாரம் முடிந்ததும் நுரையீரல் நோயாளி மீண்டும் புகைக்கத் தொடங்குவதில் பொருளே இல்லை. மீதமிருக்கும் பற்களின் ஈறு நோயையும் வாய்ப் பூஞ்சையையும் முன்னதாகவே சரிசெய்துவிட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை 10 அல்லது 11 மணி பலருக்கும் ஒத்துவரும். அதற்குள் இரவில் தேங்கிய சளி வெளியேறியிருக்கும், காலை மருந்துகள் வேலை செய்யத் தொடங்கியிருக்கும், மாலைச் சோர்வும் வந்திருக்காது. குளிர்காலத்திலோ மகரந்தம் பறக்கும் காலத்திலோ உங்கள் நோய் வழக்கமாகச் சீறும் என்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சல், புதிய சளி, வழக்கத்தைவிடக் குறைந்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அன்று காலை தெரிந்தால் தயங்காமல் தொலைபேசியில் அழைத்து ரத்து செய்யுங்கள்.

ஆக்சிஜன் எடுப்பவர்கள் சிலிண்டரின் கணக்கைப் போட்டுவைக்க வேண்டும். 340 லிட்டர் கொண்ட சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 170 நிமிடம் வரும். போகவும் வரவும் காத்திருக்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் ஒன்று போதாது என்பது உடனே புரியும். மருத்துவமனையில் ஆக்சிஜன் இணைப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அறுவை நாள்

வழக்கமான எல்லா இன்ஹேலர்களையும் அன்றும் எடுத்துக்கொண்டு, மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரைக் கைப்பையில் அல்லாமல் மருத்துவரின் கைக்கெட்டும் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு முன் இரண்டு முறை இழுத்துக்கொள்வது பலருக்கு உதவும். நாற்காலியை முழுவதுமாகச் சாய்க்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 45 பாகை அளவில் அரைகுறையாகச் சாய்ந்த நிலையில் மருத்துவர் நின்றுகொண்டு வேலை செய்வது அவருக்குத்தான் சிரமம், செய்ய முடியாததன்று.

பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசி மட்டுமே போதும். கீழ்த்தாடையின் இரு பக்கத்திலும் பின்புறம் ஒரே நேரத்தில் ஊசி போட்டால் நாக்கும் தொண்டையும் தடித்ததுபோல உணர்வு ஏற்பட்டு, உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடாமலே மூச்சுத்திணறல் அச்சம் வந்துவிடும். முன்பகுதி இம்பிளாண்ட்டுக்கு அந்த ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. தூக்க மாத்திரை, ஊசி வழி மயக்கம், கோடீன், டிராமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்து ஆகியவை மூச்சின் வேகத்தைக் குறைப்பவை. சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, நுரையீரலில் காற்றுக் குமிழிகள் உருவான எம்ஃபிசீமா நோயாளிகளிடம் அந்தக் குமிழிகளை விரியச் செய்யக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. அச்சம் தாங்க முடியவில்லை என்றால் மருத்துவமனையில், மயக்கவியல் மருத்துவர் அருகில் இருக்கும்போது மட்டுமே மயக்க மருந்தைக் கேளுங்கள்.

முகத்தின் மேல் போடும் துணிதான் பலரையும் திணறடிப்பது. மூக்கைத் திறந்துவைத்தபடி துணியை விரிக்க முடியும்; ஆக்சிஜன் குழாய் அதற்கு அடியில் மூக்கிலேயே இருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது ரத்தத்தை நிறுத்தச் சூட்டுக்கோல் கருவியோ லேசரோ பயன்படுத்தினால் தீப்பற்றும் ஆபத்து உண்டு என்பதைக் குழுவினர் முன்பே பேசிவைக்க வேண்டும். எலும்பில் துளையிடும்போது சூடு 47 டிகிரியை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத் திசு கெட்டுப்போகத் தொடங்கும் என்பதால், உப்பு நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அந்த நீரை நிறுத்த முடியாது. ஆகவே உறிஞ்சு குழாயைப் பிடிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓர் உதவியாளர் வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் நீரின்றித் துளையிடும் முறையும் உண்டு. உங்கள் மருத்துவருக்குப் பழக்கமா என்று கேட்கலாம்.

இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அது போதாது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கேட்காமலே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, இருமிச் சளியைத் துப்ப இடம் தர வேண்டும். துளையிடும் கருவி வாய்க்குள் இருக்கும்போது இருமலை அடக்கிக் காட்ட முயல்வதைவிட, வருகிறது என்று முன்னதாகவே கையை உயர்த்துவது பாதுகாப்பானது.

ஆறாம் படி: வீடு திரும்பிய பின்

முதல் சிக்கல் யாரும் எதிர்பாராதது. உதடு 2 முதல் 4 மணி நேரம் மரத்திருக்கும் என்பதால் இன்ஹேலரின் வாய்ப்பகுதியைச் சுற்றி உதட்டை இறுக மூட முடியாது. மருந்து பாதி வெளியே போய்விடும். இன்ஹேலரின் மருந்தைத் தேக்கித் தரும் ஸ்பேசர் என்னும் குழாயை, முகக்கவசம் பொருத்தியதாக, முன்பே வாங்கிவைத்திருந்தால் அதை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் முதல் நாளில் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து வழியவிடுவதே போதும், வேகமாகக் கொப்பளித்தால் ரத்தக் கட்டி கலைந்துவிடும். தலையை உயர்த்தியே தூங்குங்கள். முகத்தில் மாட்டும் சிபாப் கவசமும் அதே வகையான பைபாப் கவசமும் உதட்டுக்கு மேல் தையலை அழுத்துகின்றனவா என்று பாருங்கள். பல்செட்டைக் கழற்றியிருந்தால் கன்னம் உட்குழிந்து கவசத்தில் காற்றுக் கசியலாம், அப்போது வேறு அளவுக் கவசம் தேவைப்படும். சைனஸ் அறுவை செய்திருந்தால் இந்தக் கருவியை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை அறுவைக்கு முன்பே இரு மருத்துவர்களும் பேசி முடித்திருக்க வேண்டும். தாமாக நிறுத்துவதும் தாமாகத் தொடங்குவதும் இரண்டுமே தவறு.

சளியை வெளியேற்றும் பயிற்சியை நிறுத்த வேண்டாம். வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி ஊதுவதுபோல மூச்சைத் தள்ளும் முறை, வாய் மூடிய இருமலைவிடத் தையலுக்கு நல்லது. தும்மலையும் வாயைத் திறந்தே விடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் முதல் தேர்வு. சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் பாராசிட்டமாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் கீழே. கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிராமடாலும் நுரையீரல் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் வேண்டாம்.

நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது, விழுங்க முடியாமல் போவது, உதடு நீலமாவது, வழக்கத்தைவிட அதிகமான தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள். காய்ச்சல், நிற்காத ரத்தக் கசிவு, மறுநாளும் மாறாத உதட்டு மரப்பு ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரை அழையுங்கள்.

ஏழாம் படி: பல் பொருத்துவதும் பிறகு பார்த்துக்கொள்வதும்

இம்பிளாண்ட்டின் மேல் பல்லைப் பொருத்தும் நாளில் வலி இல்லை, ரத்தமும் இல்லை. எனவே எல்லோரும் சற்று அசட்டையாக இருப்பார்கள். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் பொருள் நழுவும் ஆபத்து அன்றுதான் அதிகம். விரல்நுனியில் நிற்கும் சிறு திருகாணியும் அதைத் திருப்பும் குட்டித் திருப்புளியும் உமிழ்நீரில் வழுக்கும். தொண்டைக்குள் போனால் அவை பெரும்பாலும் வலது பக்கப் பெரிய மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும், ஏனெனில் அது இடதைவிட அகலமாகவும் நேராகவும் இறங்குகிறது. திருப்புளியில் பல் நூலைக் கட்டி அதன் மறுமுனையை வாய்க்கு வெளியே தொங்கவிடுவதும், நாக்கின் பின்பகுதியில் துணித் திரையை விரிப்பதும் எளிய தடுப்புகள். துணித் திரை மூச்சைத் தடுப்பதாகத் தோன்றினால் நிமிர்ந்து உட்கார்ந்தே பொருத்தச் சொல்லுங்கள்.

அதன் பிறகு 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டயோட்ரோபியம் போன்ற இன்ஹேலர்களும் மூக்குவழி ஆக்சிஜனும் வாயை வறட்சியாக்குவதால் அழுக்கு வேகமாகப் படிகிறது. இம்பிளாண்ட்டைச் சுற்றியுள்ள ஈறு சிவந்து ரத்தம் கசிந்தாலும் பெரும்பாலும் வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பொத்தான் பல்செட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையங்கள் தேய்ந்து தளர்வது இயல்பு. மாற்றுவது சில நிமிட வேலை.

மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்கு முன், இம்பிளாண்ட்டின் நிறுவனப் பெயர், மாதிரி, விட்டம், நீளம், பொருத்திய தேதி ஆகியவை எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, நுரையீரல் மருத்துவக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகாணிக்கும் திருப்புளி வேறு. நீங்கள் படுக்கையில் இருக்கும் ஒரு நாளில் பல் தளர்ந்தால், வீட்டுக்கு வரும் மருத்துவர் எந்தக் கருவியை எடுத்துவர வேண்டும் என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.